மாரிக்கு ஒழுகும் மூடிப் பெட்டிகள்: அடைப்பதா, தண்ணீரைத் திருப்பிவிடுவதா?

கேள்வி சுருக்கமாக இது: திருகோணமலை உப்புவெளியில் ஒரு வீட்டு முற்றம். 60 லீற்றர் மூடிப் பெட்டிகள் எட்டில், மண்ணில்லாமல், மூடித் துளைகளில் வைத்த யோகட் கப்புகளில், அல்பேர்ட் என்ற உரக் கரைசலில் சலாதும் கங்குனும் வளர்கின்றன. போன மாரியில் மூடிவழியே மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி வேர் அழுகிவிட்டது. ஓட்டை தெரிந்த இடமெல்லாம் சிலிக்கன் பூசியும், இரண்டு கிழமையில் அது தோல் மாதிரி உரிந்து வந்துவிட்டது. இந்த ஒக்டோபருக்குள் என்ன செய்யலாம்? கூடவே, மோட்டர் வைத்து வேருக்குத் தெளிக்கிற ஒரு பெட்டி மட்டும் உள்ளிருந்து வெளியே ஒழுகுகிறது. அதற்கு என்ன வழி?

முதலில் சிலிக்கனை விட்டுவிடுங்கள். பெட்டியின் அடியைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பொலிபுரோப்பிலீன், 2 என்றால் பொலிஎதிலீன். மெழுகு மாதிரி வழுக்கும் இந்த இரண்டிலும் சிலிக்கன் பிடிக்காது. சூப்பர் குளூ பிடிக்காது. எஸ்லோன் குழாய்க்குப் பூசுகிற பசை பி.வி.சியைக் கரைத்து ஒட்டுவது, இந்தப் பிளாஸ்டிக்கை அது கரைப்பதே இல்லை. சுடு பசைக் குச்சி அன்றைக்கு நன்றாகப் பிடித்த மாதிரித்தான் இருக்கும், ஆனால் வெயிலில் மூடி கொதிக்கும்போது இளகி நழுவிவிடும்.

பிடித்தாலும் நிற்காததற்கு இன்னொரு காரணம் உண்டு. இந்தப் பிளாஸ்டிக் சூட்டுக்கு நீள்கிறது, குளிருக்குச் சுருங்குகிறது. நடுப்பகலுக்கும் இரவு மழைக்கும் இடையில் மூடியின் சூடு 30 பாகை மாறினால், 60 செ.மீ. நீள மூடி ஏறக்குறைய 2 மி.மீ. நீண்டு சுருங்கும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இது நாள்தோறும் நடக்கிற வேலை. விறைப்பாகக் காய்கிற எந்தப் பூச்சும் இதைத் தாங்காது.

ஆகவே இடைவெளியை அடைக்கப் பாடுபட வேண்டாம். தண்ணீர் இடைவெளிக்கு வந்து சேராமல் பண்ணுங்கள். ஓட்டுக் கூரையில் ஓடுகளுக்கு நடுவே எவ்வளவோ இடைவெளி இருக்கிறது, சரிவும் மேற்கவிதலும் சரியாக இருப்பதால் வீடு ஒழுகுவதில்லை. பெட்டி மூடிக்கும் அதுதான் கணக்கு.

கடையில் விற்கிற மூடி கூரையாகச் செய்யப்பட்டதல்ல. ஒன்றின்மேல் ஒன்று அடுக்குவதற்காகச் செய்தது. நடுத்தட்டு தாழ்ந்திருக்கும், சுற்றிவர ஒரு வரம்பு உயர்ந்திருக்கும். மழையில் அது ஒரு தட்டம். 60க்கு 40 செ.மீ. மூடியில் 1 செ.மீ. தண்ணீர் நின்றால் 2.4 கிலோ. அந்தப் பாரத்தில் நடு இன்னும் தொய்யும், தொய்ந்தால் இன்னும் தண்ணீர் சேரும், கடைசியில் செடி வைத்த துளைவழியே முழுவதும் உள்ளே போகும். நீங்கள் விளிம்பில் பூசிய சிலிக்கன் ஒழுங்காகப் பிடித்திருந்தால்கூட அந்தத் தண்ணீரை மறித்திருக்காது, ஏனென்றால் பெரும்பாலும் அது விளிம்புவழியே வருவதில்லை.

உங்கள் பெட்டியில் எதுவழியே வருகிறது என்பதை ஊகிக்க வேண்டாம். கரைசலை ஊற்றி எடுத்துவிட்டு, உள்ளே அடியிலும் நான்கு சுவரிலும் பழைய பத்திரிகைத் தாளை விரியுங்கள். கப்புகளைத் துளைகளில் வைத்து மூடியைப் போட்டு, பூவாளியால் 5 லீற்றர் தண்ணீரை மேலே மெதுவாக ஊற்றுங்கள். பத்து நிமிடம் கழித்துத் திறங்கள். அடித்தாளில் வட்ட வட்டமாக நனைந்திருந்தால் செடித் துளை. சுவர்த்தாள் மேலிருந்து கோடாக நனைந்திருந்தால் விளிம்பு. ஒரு மூலையில் மட்டும் நனைந்திருந்தால் அங்கே வெடிப்பு இருக்கிறது, நகத்தால் தடவிப் பாருங்கள். அன்று இரவே இன்னொன்று: கைத்தொலைபேசியின் டோர்ச்சைப் போட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடி, முற்றத்து விளக்கை அணையுங்கள். வெளிச்சம் வருகிற ஒவ்வொரு கீறலும் பகலில் வெளிச்சம் உள்ளே போகிற இடம். பாசி பிடிப்பது அதனால்தான். நுளம்பு நுழைகிற வழியும் அதுவே.

மழை எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. 100 மி.மீ. மழை பெய்தால் உங்கள் மூடியில் விழுவது 24 லீற்றர். நவம்பர், டிசம்பர் தாழமுக்க நாட்களில் திருகோணமலைக்கு இது புதினமில்லை. அதில் பாதி, 12 லீற்றர், உள்ளே போகிறது என்று வையுங்கள். 40 லீற்றர் கரைசலின் மின்கடத்துதிறன் (உரம் எவ்வளவு செறிவு என்று காட்டும் அளவு, mS/cm) 1.6இல் இருந்தால் 1.2க்கு இறங்கும். சலாது அதைத் தாங்கும். தாங்காதது நீர்மட்டம் உயர்வதை. 12 லீற்றர் உள்ளே போனால் மட்டம் ஏறக்குறைய 6 செ.மீ. ஏறும். மோட்டர் இல்லாத பெட்டியில் கரைசல் இறங்க இறங்க, மேலே வெறுமையான இடத்தில் பஞ்சு மாதிரி மயிர்வேர் விட்டிருக்கும். செடி மூச்சுவிடுவது அந்த வேரால். அதை 6 செ.மீ. தண்ணீருக்குள் அமுக்கினால் இரண்டு மூன்று நாளில் பழுப்பாகி வழுவழுக்கும். உங்கள் செடி அழுகியது உரம் ஐதாகிப்போனதால் அல்ல, வேர் மூழ்கியதால்.

இதனால் முதல் வேலை மூடியில் இல்லை, பெட்டிச் சுவரில்: வழிவுத் துளை. ஹாட்வெயார் கடையில் அரை அங்குல வால்வ் சொக்கட் (வெளிமரை உள்ளது) ஒன்றும் ஃபொசட் சொக்கட் (உள்மரை உள்ளது) ஒன்றும் வாங்குங்கள். சுவரில் 21 அல்லது 22 மி.மீ. துளை. வால்வ் சொக்கட்டின் மரைப்பக்கத்தை உள்ளிருந்து வெளியே தள்ளி, வெளியில் ஃபொசட் சொக்கட்டை முறுக்குங்கள். மோட்டார் சைக்கிள் ரியூபில் வெட்டிய ரப்பர் வட்டம் ஒன்று உட்பக்கம், சுவருக்கும் சொக்கட்டின் தோளுக்கும் நடுவே இருக்க வேண்டும். தண்ணீரை மறிப்பது அந்த ரப்பர்தான். மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் இங்கே உதவாது. கையால் இறுக்கி, பிறகு கால் சுற்று மட்டும் சாவியால். அதற்கு மேல் போனால் மெல்லிய சுவர் நெளிந்து ரப்பர் பிதுங்கிவிடும். வெளிவாயில் கீழ்நோக்கி ஒரு எல்போ, அதன் வாயில் நுளம்பு வலை இரண்டு மடிப்பு.

உயரம் எங்கே? நட்ட அன்று கரைசல் கப்பின் அடியைத் தொட்டு நிற்கும், அந்த மட்டத்துக்கு அரை செ.மீ. மேலே ஒன்று. அது மட்டும் போதாது. மூன்று கிழமை கழித்துக் கரைசல் பாதிக்கு இறங்கியிருக்கும்போது மேல்துளை வேரைக் காப்பாற்றாது. ஆகவே பாதி உயரத்தில் இன்னொன்று வைத்து, அதன் வாய்க்கு முதலில் ஒரு அடைப்புப் போட்டு வையுங்கள். மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் அடைப்பைக் கழற்றி அதற்கும் எல்போவும் வலையும் போடுங்கள். இந்த இரண்டு துளை இருந்தால் மூடி எவ்வளவு மோசமாக ஒழுகினாலும் செடி பிழைக்கும்.

இனி மூடி. தட்டத்தைக் கூரையாக்க எளிய வழி, அதன் பள்ளத்தை நிரப்பி மேலே ஒரு தொப்பி போடுவது. வேண்டியவை: 25 மி.மீ. ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) தகடு, மிளகாய்த் தோட்டங்களில் விரிக்கிற வெள்ளி-கறுப்பு மல்ச் பொலித்தீன், 63 மி.மீ. எஸ்லோன் குழாய்த் துண்டு, அதற்கு ஒரு எண்ட் கப், பழைய ரியூப்.

குழாய்த் துண்டுதான் நடுத்தூண். பெட்டியின் அடியிலிருந்து மூடி நடுத்தட்டின் கீழ்ப்பக்கம் வரை அளந்து, எண்ட் கப்போடு சேர்த்து அந்த உயரம் வருமாறு வெட்டுங்கள். கால்ப்பக்கம் V வடிவில் நாலு வெட்டுப் போட்டால் கரைசல் உள்ளும் வெளியும் ஓடும். இல்லாவிட்டால் குழாய்க்குள் ஒரு கிணறு தேங்கும். எண்ட் கப் மேலே வரட்டும், வெறும் குழாய் விளிம்பு வெயில் பட்ட மூடியை வெட்டிவிடும்.

பிறகு ரெஜிபோமைப் பள்ளத்துக்குள் இறுக்கமாக உட்காரும் அளவுக்கு வெட்டுங்கள். மேற்பரப்பு சுற்று வரம்பைவிடக் குறைந்தது அரை செ.மீ. உயர்ந்து நிற்க வேண்டும். பள்ளம் ஆழமென்றால் கீழே இன்னொரு மெல்லிய தகடு. சுவர்ப்பக்கத்து மேல் விளிம்பைக் கத்தியால் சரித்து விடுங்கள், தண்ணீர் அங்கே தயங்காது.

செடித் துளையில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. யோகட் கப் மேலே அகலம், கீழே ஒடுக்கம். உதட்டுக்கு 1 செ.மீ. கீழே கப் எவ்வளவு அகலமோ அந்த அளவில் ரெஜிபோமில் துளை போட்டால், கப் 1 செ.மீ. துருத்திக்கொண்டு நிற்கும். அந்தத் துருத்தலை விட்டுவிடாதீர்கள், முழு வேலையும் அதை நம்பித்தான். பொலித்தீனில் அதைவிட ஒன்றரை செ.மீ. சிறிய துளை வெட்டுங்கள். இனி வரிசையைக் கவனியுங்கள். பொலித்தீனை மூடிமேல் விரித்துவிட்டுக் கப்பை மேலிருந்து அழுத்தினால் துளை விளிம்பு கீழ்நோக்கி மடங்கும். அது புனல். வருகிற மழை எல்லாம் நேராக உள்ளே. அப்படிச் செய்யாமல், தாளைக் கையில் வைத்துக்கொண்டு கப்பின் அடிப்பக்கத்தைத் துளைக்குள் நுழைத்து, பொலித்தீன் விளிம்பைக் கப்பின் உடம்போடு மேலே இழுத்து உதட்டுக்கு அடியில் சேருங்கள். அங்கே மோட்டார் சைக்கிள் ரியூபில் வெட்டிய 1 செ.மீ. வளையம். பொலித்தீன் இப்போது கப்பைச் சுற்றிக் கழுத்து மாதிரி எழும்பி நிற்கும். எல்லாக் கப்பையும் இப்படி மாட்டிய பிறகு தாளை மொத்தமாகத் தூக்கி, கப்புகள் அதனதன் துளையில் இறங்குமாறு வையுங்கள். வெள்ளிப்பக்கம் மேலே.

தாளின் அளவு 60க்கு 40 மூடிக்கு ஏறக்குறைய 84க்கு 64 செ.மீ., ஒவ்வொரு பக்கமும் 12 செ.மீ. கீழே தொங்கும். மல்ச் பொலித்தீன் மெல்லியது, இரண்டாக மடித்துப் போடுங்கள். சைக்கிள் ரியூபை நீளவாட்டில் இரண்டாகக் கிழித்தால் இரண்டு பெட்டிக்குப் பட்டி கிடைக்கும். பெட்டியின் சுற்றளவைவிடக் கால் பங்கு குறைத்து முடிச்சுப் போட்டு, மூடி விளிம்புக்குச் சற்றுக் கீழே மாட்டுங்கள். பட்டிக்குக் கீழே 3 செ.மீ. தாள் சும்மா தொங்க வேண்டும். தண்ணீர் சொட்டி விழுவது அந்த நுனியில். அழகுக்காக அதை உள்ளே மடித்துச் செருகினால் தண்ணீர் தாளோடு ஊர்ந்து மூடிக்கு அடியில் போய்விடும்.

கடைசியாக, நீளப்பக்கம் ஒன்றின் அடியில் ஒன்றரை செ.மீ. பலகைத் துண்டு வைத்துப் பெட்டியைச் சற்றுச் சாயுங்கள், மேலே எதுவும் தேங்காது. வழிவுத் துளை தாழ்ந்த பக்கத்தில் இருக்கட்டும்.

இந்தத் தொப்பியில் கப்பின் அடி முன்னைவிட மூன்று செ.மீ. போல மேலே போய்விடும். இதை மறந்து பழைய கோட்டுக்கே கரைசல் ஊற்றினால் நாற்றின் வேர் தண்ணீரைக் காணாமல் வாடும். கோட்டை மாற்றி வரையுங்கள், அதற்கேற்பவே மேல் வழிவுத் துளையையும் போடுங்கள். இன்னொரு தொல்லை எறும்பு. ரெஜிபோமில் கூடு கட்ட அதற்கு மிக விருப்பம். பெட்டியை நிலத்தில் வைக்காமல் கல்லின்மேல் வைத்து, மாதம் ஒருதடவை தாளைத் தூக்கிப் பாருங்கள்.

கப்பின் வாய்வழியே நேராக விழுகிற மழை மிச்சம். சலாது இலை விரிந்தபின் அதுவே ஓரளவு குடையாகிவிடும். நாற்றுப் பருவத்தில் ஐஸ்கிரீம் டப்பா மூடியில் 12 செ.மீ. வட்டம் வெட்டி, நடுவரை ஒரு கீறல் போட்டு, கீறலின் இரு ஓரங்களையும் 2 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஸ்டேப்ளர் அடித்தால் கூம்பாகும். நடுவில் தண்டுக்குச் சிறு துளை. கூம்பின் சுற்று கப்பின் உதட்டைத் தாண்டி நிற்க வேண்டும். கங்குனுக்கு இதெல்லாம் மினக்கேடு, அது தண்ணீரில் கிடந்து வளர்கிற சாதி.

இவ்வளவுக்கும் பிறகு விளிம்பில் வெளிச்சம் தெரிந்தால், பெட்டிச் சுவரைப் பாருங்கள், மூடியை அல்ல. கரைசல் நிறைந்த பெட்டியின் நீளச்சுவர் வெளியே பிதுங்கும். பிதுங்கினால் விளிம்பு மூடியின் பிடியிலிருந்து நழுவும். இரு முனையிலும் உள்ள கிளிப் அதைத் தடுக்காது, ஏனென்றால் பிதுங்குவது நடுவில். இரு நீளச்சுவரிலும் நீர்மட்டத்துக்கு மேலே நேருக்கு நேர் 4 மி.மீ. துளை போட்டு, பெட்டிக்குக் குறுக்கே நைலோன் கயிறு கட்டி இழுத்து முடிந்தால் சுவர் நேராகும். துளையைச் சுற்றி பியூட்டைல் டேப் ஒரு துண்டு. இந்தக் கறுப்பு ஒட்டுப்பசை டேப் காய்ந்து விறைப்பதில்லை. அதனால் பிளாஸ்டிக் நீண்டு சுருங்கும்போது கூடவே போகும். வழுக்குகிற பிளாஸ்டிக்கில் ஓரளவு நம்பக்கூடிய ஒட்டு அதுதான், உலர்ந்த, ஸ்பிரிட்டால் துடைத்த மேற்பரப்பில்.

மூலை வெடிப்புக்கு: வெடிப்பு முடிகிற நுனியில் 3 மி.மீ. துளை போட்டால் அது மேலே ஓடாது. பிறகு அதே சாதிப் பிளாஸ்டிக்கில் ஒரு கீற்றை வெட்டி, சோல்டரிங் அயனால் இரண்டையும் சேர்த்து உருக்கித் தைக்கலாம். 5ஆம் இலக்கத்தை 2ஆம் இலக்கத்தோடு உருக்கினால் ஒட்டின மாதிரி இருந்து பிரிந்துவிடும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். மூடியை விரலால் தேய்க்கும்போது வெள்ளைத் தூள் வந்தால் வெயில் அதைத் தின்றுவிட்டது. அதில் நேரம் செலவழிக்காமல் வேறு மூடி தேடுங்கள்.

நுளம்பு விசயத்தில் கவனக்குறைவு வேண்டாம். முட்டையிலிருந்து பறக்கிற நுளம்பு ஆகச் சூட்டு நாட்களில் ஒரு கிழமை, பத்து நாள் போதும். உங்கள் கரைசலோ மாதக்கணக்கில் நிற்கிறது. 2017 தொடக்கத்தில் கிண்ணியாப் பக்கம் டெங்கு எப்படிப் பரவியது என்பது இங்கே எல்லாருக்கும் நினைவிருக்கும். நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, வளவுக்குள் நுளம்பு பெருக இடம் விடுவது குற்றம். சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் பார்ப்பது இந்த மாதிரிப் பெட்டிகளைத்தான். பயன்படுத்தாத செடித் துளையைச் சும்மா விடாதீர்கள், கவிழ்த்த கப்பும் ஒரு ரப்பர் வளையமும் போதும். ஆனால் பெட்டியைக் காற்றுப் போகாமல் அடைக்கவும் கூடாது, வேருக்கு மேலே புதுக்காற்று வேண்டும். வலை போட்ட வழிவுத் துளை காற்றுவாயாகவும் உதவும்.

தெளிக்கிற பெட்டியின் கதை தலைகீழ். அங்கே தண்ணீர் மூடியின் கீழ்ப்பக்கத்தில் அடித்து, அதோடு ஒட்டி ஊர்ந்து, விளிம்புக்கும் மூடிக்கும் நடுவே நுழைந்து வெளியே வருகிறது. முதலில் தெளிப்பு வாய்களைச் சற்றுக் கீழே திருப்புங்கள். வேர் கீழே தொங்குகிறது, மூடியை நனைப்பதால் பயனில்லை. பிறகு பெட்டிக்குள் ஒரு பொலித்தீன் திரை: தாளை மூடிக்கு அடியில் விரித்து, கப்புகளை முன்சொன்ன மாதிரியே அதில் மாட்டி, ஓரங்களை 10 செ.மீ. சுவருக்கு உட்பக்கமாகத் தொங்கவிடுங்கள். ஊர்ந்து வருகிற தண்ணீர் திரையின் நுனியில் சொட்டிப் பெட்டிக்குள்ளேயே விழும். அதற்குப் பிறகும் கசிந்தால் மட்டும் மூடியின் விளிம்புப் பள்ளத்தில் ரப்பர் நுரைப் பட்டி வைக்கலாம். வாங்கும்போது ஒரு துண்டைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிழியுங்கள். தண்ணீரை உறிஞ்சினால் அது குஷன் ஸ்பொஞ்ச், வேண்டாம். மோட்டரின் வயர் விளிம்புவழியே வெளியே வருகிறதென்றால் வெளியில் ஒரு தொங்கல் வளைவு விட்டுப் பிறகு பிளக்குக்குக் கொண்டுபோங்கள். வயரோடு ஓடி வருகிற தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது.

எட்டுப் பெட்டிக்கு இந்த வேலை சரி, ஒன்றுக்கு ஒரு மணித்தியாலம் போதும். இருபதுக்கு மேல் வைக்கிற எண்ணம் இருந்தால் மூடிகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். 200 மைக்ரோன் வெயில் தாங்கும் பொலித்தீனில் ஒரு சரிவுக் கூரையே போட்டுவிடுங்கள். வாடைக்காற்று கடற்பக்கமிருந்து சாய்வாக அடிக்கும், அந்தப் பக்கத் தாழ்வாரம் நீளமாக இருக்கட்டும்.

மழைக்குப் பின் என்ன செய்வது என்பதும் கேள்வியில் ஒளிந்திருக்கிறது. பெட்டியின் வெளிப்புறத்தில் நாள்தோறும் மட்டத்தைப் பென்சிலால் குறியுங்கள். மழைக்குப் பின் மட்டம் ஏறியிருந்து, வழியவில்லை என்றால், ஏறிய லீற்றருக்கு மட்டும் உரம் கரைத்து விட்டு, மட்டத்தைப் பழைய குறிவரை மொண்டு குறையுங்கள். வழிந்திருந்தால் எவ்வளவு உரம் போனது என்று மட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது. மின்கடத்துதிறன் மீற்றர் இருந்தால் அளந்து சலாதுக்கு 1.2க்கும் 1.8க்கும் நடுவே கொண்டுவாருங்கள். மீற்றர் இல்லாவிட்டால் பாதியை இறைத்துத் தென்னைக்கு ஊற்றிவிட்டு, அந்தப் பாதிக்குப் புதிதாகக் கலந்து ஊற்றுங்கள்.